கருப்பு ஜன்னல் மூடிக்கொண்டால் பேக்கப் முடிந்தது என்று யார் சொன்னது?

போன வாரம் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு துணிக்கடையிலிருந்து போன் வந்தது. "தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது. ஆனா பயமில்ல, பேக்கப் தினமும் எடுத்துடுறேன்" என்றார் கணக்குப் பார்க்கும் அக்கா. போய்ப் பார்த்தால் உள்ளே கோப்புகளை வைத்திருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் உயிரை விட்டிருந்தது. சரி, பேக்கப் ட்ரைவைக் கொடுங்கள் என்று வாங்கி என் மடிக்கணினியில் செருகினேன். அதில் இருந்த கடைசிக் கோப்புக்கு ஐந்து மாத வயது.

அக்கா பொய் சொல்லவில்லை. தினமும் கடை சாத்தும் முன்னால் டெஸ்க்டாப்பில் இருந்த 'பேக்கப்' ஐகானை இரண்டு முறை தட்டியிருக்கிறார். டெர்மினல் என்ற கருப்பு ஜன்னல் ஒன்று திறந்து, நாலு வரி ஓடி, மூடிக்கொள்ளும். முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஐந்து மாத விற்பனைக் கணக்கு, சப்ளையர் பாக்கி, ஜிஎஸ்டிக்குத் தயார் செய்து வைத்த தாள்கள் எல்லாம் இப்போது அட்டைப்பெட்டியில் கிடக்கும் ரசீதுகளிலிருந்து திரும்ப ஏற வேண்டும். வரி அலுவலகம் கணக்குகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது, டிஸ்க் போய்விட்டது என்று அங்கே போய் நிற்க முடியாது.

இதே மாதிரிக் கதையை இந்த ஒரு வருடத்தில் நான்காவது முறையாகப் பார்க்கிறேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பெட்டிகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் பலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று லினக்ஸ் வகைகளுக்கு மாறினார்கள். நல்ல முடிவு, நானே பலருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மாற்றிக் கொடுத்த கையோடு மருமகனோ பக்கத்து வீட்டுப் பையனோ ஒரு ஸ்கிரிப்டை, அதாவது வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளின் கோப்பை எழுதி, அதற்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானும் வைத்து, "ஆன்ட்டி, இதைத் தட்டினா போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கடையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பையன் எழுதிய ஸ்கிரிப்டில் முதல் வேலை, ட்ரைவுக்குரிய ஃபோல்டர் இல்லையென்றால் அதை உருவாக்குவது. அதுவும் சூடோவில், அதாவது ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரத்தில். ஒருநாள் மேசையைத் துடைத்தவர்கள் ட்ரைவைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அக்கா வழக்கம்போல் தட்டினார். செருகிய ட்ரைவுகளை லினக்ஸ் ஏற்றிக் காட்டும் மீடியா ஃபோல்டருக்குள் ட்ரைவின் பெயரில் எதுவும் இல்லை, ஸ்கிரிப்ட் தானே ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் எல்லாவற்றையும் எழுதியது. அந்த ஃபோல்டர் இருந்தது எங்கே? கணினியின் உள்ளே இருக்கும் அதே டிஸ்கில். மறுநாள் ட்ரைவைச் செருகியபோது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருந்ததால், லினக்ஸ் ட்ரைவின் பெயருக்குப் பின்னால் 1 சேர்த்து வேறு இடத்தில் ஏற்றியது. அன்றிலிருந்து ட்ரைவ் பக்கத்திலேயே செருகியிருக்க, பேக்கப் மட்டும் உள் டிஸ்குக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை. ஐந்து மாதம். டிஸ்க் செத்தபோது அசலும் நகலும் சேர்ந்தே போயின.

சூடோ இல்லாமல் எழுதியிருந்தால் அந்த இடத்தில் சாதாரணப் பயனருக்கு ஃபோல்டர் உருவாக்க அனுமதியே கிடைத்திருக்காது, ஸ்கிரிப்ட் முதல் நாளே முட்டி நின்றிருக்கும். ஆனால் அப்போதும் அக்காவுக்குத் தெரிந்திருக்குமா என்றால், தெரிந்திருக்காது. ஏனென்றால் ஜன்னல் அப்போதும் அதே மாதிரி திறந்து மூடியிருக்கும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கருப்பு ஜன்னல் திறந்து மூடினால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை. தயவுசெய்து இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஜன்னல் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் மூடும். வெற்றியாக முடிந்தாலும் மூடும், முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தாலும் மூடும். ட்ரைவ் இல்லை என்றாலும் மூடும், இடம் நிரம்பிவிட்டது என்றாலும் மூடும், ஃபோல்டர் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மூடும். "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தி அரை நொடி வந்துவிட்டுப் போகும், அதை எந்தக் கண்ணாலும் படிக்க முடியாது. சொல்லப்போனால் சந்தேகமே அங்கிருந்துதான் வர வேண்டும். இரண்டாயிரம் கோப்புகளை நகலெடுக்கும் ஜன்னல் ஒரு நொடியில் மூடுகிறதா? அப்படியென்றால் எதையும் நகலெடுக்கவில்லை, அல்லது புதிதாக எடுக்க எதுவுமே இல்லை. இந்த இரண்டில் எது என்று கேட்காமல் கடையைச் சாத்தாதீர்கள்.

ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுப்பவர்களுக்கு: கடைசி வரியில் ரீட் கட்டளை போட்டு, என்டர் அழுத்தும்வரை ஜன்னலை நிறுத்துங்கள். அதற்கு முந்தைய வரியில் எத்தனை கோப்பு நகலானது, எங்கே நகலானது, இன்றைய தேதி என்ன என்று தமிழிலேயே காட்டுங்கள். பிழை வந்தால் நிற்கட்டும் என்று தொடக்கத்தில் செட் மைனஸ் ஈ போடுகிறவர்கள் கவனியுங்கள், அப்படிப் போட்டால் பிழை வரும் நாளில் அந்தக் கடைசி ரீட் வரை ஸ்கிரிப்ட் வராது, ஜன்னல் பழையபடி மூடிக்கொள்ளும். நிறுத்தும் வேலையை ட்ராப் என்ற கட்டளை போட்டு, ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் வெளியேறும் இடத்தில் வையுங்கள். ட்ரைவ் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்துவிட்டு, இல்லையென்றால் சத்தமாகச் சொல்லி வெளியேறுங்கள். ஃபோல்டரை நீங்களாக உருவாக்காதீர்கள். முக்கியமாக, ஃபோல்டர் மாறும் கட்டளை தோற்றால் அங்கேயே ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும். பழைய பேக்கப்பை அழிக்கிறேன் என்று அடுத்த வரியில் அழிக்கும் கட்டளை எழுதி, மேல்வரி தோற்று, கடைக்காரரின் ஹோம் ஃபோல்டரே காலியானதையும் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

"டெர்மினலில் ஓடுது, ஐகானில் ஓட மாட்டேங்குது அண்ணே" என்று வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஐகானுக்குப் பின்னால் இருக்கும் டெஸ்க்டாப் கோப்பில் எதை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக் வரி, டெர்மினலில் கட்டளைகளைப் புரிந்து ஓட்டும் ஷெல் வழியாகப் போவதில்லை. ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் நெளிகோடு அங்கே வேலை செய்யாது, ஒரு கட்டளையின் விளைவை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப்பும் செய்யாது. சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில்தான் அது ஓடும் என்றும் நினைக்காதீர்கள். பாஷ்ஆர்சி என்ற உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தவற்றையும் அது படித்திருக்காது. விண்டோஸ் நோட்பேடில் திருத்திய ஸ்கிரிப்ட் என்றால் வரி முடிவுகளை லினக்ஸ் முறைக்கு மாற்றுங்கள். க்னோம் டெஸ்க்டாப் சூழலில் ஐகானை வலது கிளிக் செய்து 'அலவ் லாஞ்சிங்' கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓடவில்லை என்றதும் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 கட்டளையைப் போடுவதை விட்டுவிடுங்கள். ஓட வைக்க உரியவருக்கு இயக்க அனுமதி மட்டும் போதும். 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு உள்ள யாரும் உங்கள் ஸ்கிரிப்டுக்குள் என்ன வேண்டுமானாலும் எழுதிவிட்டுப் போகலாம் என்று அர்த்தம். அதே ஸ்கிரிப்டுக்குள் சூடோ கடவுச்சொல்லையும் எழுதி வைத்தால்? இந்த வருடம் நான் பார்த்த நான்கு ஸ்கிரிப்டுகளில் மூன்றில் கடவுச்சொல் அப்படியே கண்ணுக்குத் தெரிய எழுதியிருந்தது. சொந்தக் கணக்குக் கோப்புகளை யுஎஸ்பி ட்ரைவுக்கு நகலெடுக்க ரூட் அதிகாரம் எதற்கு? தேவையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஐகானைத் தட்டியே பழகியவர்கள் யார் அனுப்பிய ஐகானையும் தட்டுவார்கள். டெஸ்க்டாப் கோப்பு தன் படத்தையும் பெயரையும் தானே தேர்ந்தெடுக்க முடியும், பிடிஎஃப் படத்தை மாட்டிக்கொண்டு 'இன்வாய்ஸ்' என்று வந்து நிற்கும். 2017இல் க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான், நம்பிக்கை கொடுத்தால்தான் ஓடும் என்ற கட்டுப்பாடு வந்தது. 2025இல் கூட இந்திய அரசு அலுவலகங்களில் உள்ள பாஸ் என்ற லினக்ஸ் வகையைக் குறிவைத்து, பிடிஎஃப் வேடமிட்ட டெஸ்க்டாப் கோப்புகளை அனுப்பியிருக்கிறார்கள். லினக்ஸுக்கு வைரஸ் வராது என்று கோப்பிக் கடையில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது அக்காவின் கடையில் புதிய டிஸ்க் போட்டாயிற்று, ஸ்கிரிப்டைத் திருத்தியும் கொடுத்தேன். கிளம்பும் முன் ட்ரைவை என் கையால் கழற்றிவிட்டு ஐகானைத் தட்டச் சொன்னேன். 'ட்ரைவ் இல்லை, பேக்கப் எடுக்கவில்லை' என்று பெரிதாக வந்து ஜன்னல் அப்படியே நின்றது. அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு செருகித் தட்டச் சொன்னேன், எண்ணிக்கை வந்தது. அந்த எண்ணைத் தினமும் கல்லாவில் இருக்கும் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன், மாதம் ஒருமுறை ட்ரைவிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவும்.

உங்கள் கடையிலோ வீட்டிலோ இப்படி ஒரு ஐகான் இருந்தால் இன்று மாலையே ட்ரைவைக் கழற்றிவிட்டுத் தட்டிப் பாருங்கள். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டால், அதை எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு உடனே போன் போடுங்கள்.