பாதியில் விட்ட வாக்கியம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் வந்து, கிணற்று நீர்மட்டம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். "தரவெல்லாம் கையில் இருக்கிறது சார். வார நாளில் தொட நேரமில்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்தாலும் அரைப் பக்கம்தான் நகர்கிறது. என் மூளையில் ஏதாவது கோளாறா?"

கோளாறு அந்த ஆறு நாள் இடைவெளியில் இருக்கிறது. நம் மனம் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும். எந்த அட்டவணை, எந்த வாதம், எங்கே நிறுத்தினோம் என்று ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும். அதற்கே மதியமாகிவிடும். அங்கே சித்தூர்ப் பக்கம் கள் இறக்குகிறவர்கள் காலையும் மாலையும் மரமேறி, பாளை நுனியை வெற்றிலை கனத்துக்குத்தான் சீவுவார்கள். "நாலு நாள் ஏறாம விட்டா சீவுன மொகம் காஞ்சு போயிருமுங்க" என்றார் எனக்குத் தெரிந்த ஒருவர். தினம் அரை மணி நேரமாவது எழுதுங்கள் என்று நான் சொல்வதும் அந்தக் கணக்குத்தான்.

சரி, அந்த அரை மணி நேரத்தில் எப்படிச் சட்டென்று உள்ளே நுழைவது? நான் வியந்து வியந்து படித்த விஷயம் இது. 1920களில் பெர்லினில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் புளூமா ஸைகார்னிக், மரியா ஓவ்சியாங்கினா என்று இரண்டு பெண்கள் ஆய்வு செய்தார்கள். ஆட்களுக்குப் புதிர், களிமண் பொம்மை போன்ற சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, சிலவற்றை முடிக்க விட்டு, சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார் ஸைகார்னிக். பாதியில் நின்றவையே அதிகம் நினைவில் இருந்தன என்று 1927இல் எழுதினார். புகழ் அவருக்குத்தான் வந்தது. ஆனால் பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு ஒரே சீராக வரவில்லை.

1928இல் வந்த ஓவ்சியாங்கினாவின் சோதனைதான் உறுதியாக நிற்கிறது. அவரும் வேலையைப் பாதியில் நிறுத்தினார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் ஆட்களைச் சும்மா விட்டார். பரிசு இல்லை, கட்டளை இல்லை. பெரும்பாலோர் தாமாகவே அந்தப் பாதி வேலைக்குத் திரும்பினார்கள்! தொடங்கிய வேலை மனதில் ஓர் இறுக்கத்தை உண்டாக்குகிறது, முடியும்வரை அது தளராது என்று விளக்கினார் லெவின்.

ஆகவே பத்தியை முடித்துவிட்டு எழாதீர்கள். முடிவு தெரிந்த ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்துங்கள். "கால்வாயை விட்டு விலகிப் போகப் போகக் கிணற்று நீர்மட்டம்" என்று நோட்டு அப்படியே நிற்கட்டும். மறுநாள் கை தானாக அங்கே போகும்.

ஆனால் அதே இறுக்கம் ராத்திரி தூக்கத்தையும் கெடுக்குமே? அதற்கும் வழி இருக்கிறது. முடியாத வேலையை எப்போது, எப்படித் தொடர்வது என்று குறிப்பாகத் திட்டமிட்டவர்களை அந்த வேலையின் நினைப்பு அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011இல் காட்டினார்கள். பக்கத்தின் அடியில் ஒரே வரி போதும்: "காலை பஸ்ஸுக்கு முன், மூன்றாம் அட்டவணை, மே மாத அளவு."

நல்ல நாள் பார்த்து அத்தியாயம் தொடங்குகிறவர்களை எனக்குத் தெரியும். விஜயதசமியன்று குழந்தையின் விரல் பிடித்து அரிசியில் எழுத வைப்பது அழகான வழக்கம். ஆராய்ச்சிக்காரருக்கு வளர்பிறை எதற்கு? காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இடைவெளியைத்தான் கூட்டுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர் டியூஷன் எடுத்துக்கொண்டு எழுதுகிறார். எழுத்துப் பயிலரங்கு நடத்தும் பணத்தில் இவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் ஆய்வேடுகள் இன்னும் வேகமாக வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: வீட்டில் ஓணமும் உண்டு, பொங்கலும் உண்டு, அன்றைக்கு எழுதாவிட்டால் பழக்கம் போய்விடுமா? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதகம் வரவில்லை. பொங்கலன்று நோட்டைத் தொடவே வேண்டாம். மறுநாள் காலை அந்த மே மாத அளவிலிருந்து எடுங்கள்.