மூலிகைத் தோட்டம் எதைக் காப்பாற்றுகிறது?

மூலிகைத் தோட்டம் என்றாலே வரிசையாக நட்ட செடிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெயர்ப் பலகை, அதில் 'காய்ச்சலுக்கு நல்லது' என்று ஒரு வரி. செடி பிழைத்துவிடும், சரி. ஆனால் பழங்குடிகளின் மருத்துவ அறிவைக் காக்கத்தான் அவர்களோடு சேர்ந்து ஒரு சமூகத் தோட்டம் போடுகிறோம் என்றால், அந்த அறிவு ஒரு வரிக்குள் அடங்காது. எந்தப் பகுதி, எந்தப் பருவத்தில் பறிப்பது, எப்படிப் பக்குவம் செய்வது, எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் மருந்தே இருக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது வேதியியல்.

செடி நமக்காக மருந்து தயாரிப்பதில்லை. ஓடித் தப்பிக்க முடியாத உயிர் அது, தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டத்தான் கசப்பும் காரமும் நஞ்சுமாகப் பல சேர்மங்களை உண்டாக்குகிறது. அதனால் இலையில் இருப்பது வேரில் இருக்கும் என்று சொல்ல முடியாது, பூக்கும் முன் இருந்த அளவு பூத்து ஓய்ந்தபின் இருக்காமல் போகலாம். மண்ணும் வெயிலும் மாறினாலும் அளவு மாறும்.

பக்குவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மலேரியா மருந்தான ஆர்டிமிசினினைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சீன விஞ்ஞானி து யூயூவின் குழு அந்த மருந்து கிடைக்கும் செடியிலிருந்து சாறு எடுத்துச் சோதித்தபோது பலன் ஒருமுறை தெரிந்தது, மறுமுறை தெரியவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் என்ற சீன மருத்துவர் எழுதிவைத்த குறிப்பைத் து யூயூ திரும்பப் படித்தார்: ஒரு கைப்பிடி செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கவும். காய்ச்சச் சொல்லவே இல்லை! அப்படியானால் சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971இல் அந்தச் சாறு எலிகளின் உடலில் இருந்த மலேரியா ஒட்டுண்ணியை முழுதாக ஒழித்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு.

வச்சநாபிக் கிழங்கில் கதை தலைகீழ். பச்சையாகத் தின்றால் அதிலுள்ள அகோனிட்டின் என்ற நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்து ஆளைக் கொன்றுவிடும், நெடுநேரம் வேகவைத்தால் அந்த மூலக்கூறு உடைந்து நஞ்சு பெருமளவு தணியும். ஒன்றில் சூடு மருந்தை அழிக்கிறது, இன்னொன்றில் நஞ்சை. பலகையில் செடியின் பெயரை மட்டும் எழுதி வைத்தால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

அப்புறம், செடியை அடையாளம் காண்பது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்கான மாத்திரைகளில் ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா என்ற வேறொரு செடி கலந்துவிட்டதில், ஏறக்குறைய நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பொடியாக வந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. முளை, தளிர், பூ, காய் என்று ஒரே செடியை ஆண்டு முழுக்கப் பார்த்து, கசக்கி முகர்ந்து பழகியவருக்குத்தான் ஒத்த தோற்றமுள்ள செடியைச் சட்டென ஒதுக்கத் தெரியும். சமூகத் தோட்டம் உண்மையில் வேலை செய்வது இந்த இடத்தில்தான்: தெரிந்த பெரியவரும் கற்கவேண்டிய இளையவரும் ஒரே செடியின் முன் பருவம் தவறாமல் நிற்கிறார்கள்.

அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்பதும் முக்கியம். வட அமெரிக்கா, வடமேற்கு அமேசான், நியூ கினி ஆகிய பகுதிகளின் 236 பழங்குடி மொழிகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், பதிவான மருத்துவப் பயன்களில் 75 சதவீதத்துக்கும் மேல் ஒரே ஒரு மொழிக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்தவை என்று வந்தது. செடி அழியாமலே அறிவு அழியலாம் என்பதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது.

நடும்போதும் ஒரு விஷயம் உண்டு. ஒரே தாய்ச்செடியிலிருந்து போத்து வெட்டி நட்டால் தோட்டம் முழுக்க ஒரே மரபணுதான், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகலாம். அதே வட்டாரத்தின் பல செடிகளிலிருந்து விதை சேர்ப்பதே நல்லது.

பெரியவர்கள் சொல்வதையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிடலாமா? கூடாது, அவர்களைக் கேட்காமல் கூடவே கூடாது. 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம், பழங்குடிகளின் மரபு அறிவைப் பயன்படுத்த அவர்களின் முன் அனுமதியும் பலனில் நியாயமான பங்கும் வேண்டும் என்கிறது. எந்தச் செடிக்குப் பலகை வைக்கலாம், எதன் செய்முறை குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்பதை நாற்று வாங்கும் முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.