72 மணி நேரம் யாருடைய கணக்கு?

"அட்டையில் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றிருந்தது. நான் மறுநாள் காலையிலேயே போட்டுவிட்டேன். அப்படியும் நாள் தள்ளிப்போய், பரிசோதித்தால் இரண்டு கோடு. கடைக்காரர் போலி மாத்திரை கொடுத்துவிட்டாரா?"

அவசரக் கருத்தடை மாத்திரை பற்றி வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மாத்திரை அசலாகவே இருந்திருக்கலாம், அவர் போட்ட நேரமும் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் கர்ப்பம் உண்டாக வழி உண்டு. அட்டையில் உள்ள 72 மணி நேரம் உறவு நடந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவது. மாத்திரை போட்டி போடுவதோ வேறொரு கணக்கோடு.

பள்ளிப் பாடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். வெளிவந்த கருமுட்டையின் ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆக, உறவு நடக்கும்போது முட்டை இருக்க வேண்டும் என்றில்லை. விந்தணு முன்பே போய்க் காத்திருக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் குழந்தைக்கு முயன்ற 221 பெண்களிடம் தினமும் சிறுநீர் மாதிரி வாங்கி, முட்டை வெளியான நாளைக் கணித்தார்கள். 1995-ல் வந்த முடிவு இது: கர்ப்பம் தரித்த உறவுகள் எல்லாமே ஆறு நாட்களுக்குள் அடங்கின. முட்டை வெளியான நாள், அதற்கு முந்தைய ஐந்து நாள். ஐந்து நாள் முன்பு உறவு கொண்டால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம், முட்டை வெளிவரும் நாளில் சுமார் 33. மறுநாளிலிருந்து ஒன்றுமே இல்லை.

ஆறே நாள்தானே, அதைத் தவிர்த்துவிட்டால் போதாதா? தவிர்க்கலாம், எந்த ஆறு என்று தெரிந்தால். "14ஆம் நாள் முட்டை வரும்" என்று பாடப்புத்தகம் சொல்வது ஒரு சராசரி. முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரையான காலம் ஏறக்குறைய இரண்டு வாரம், அது அவ்வளவாக மாறாது. மாறுவதெல்லாம் முட்டை வருவதற்கு முந்தைய பாதி. எனவே முட்டை வந்த நாளைச் சரியாகச் சொல்ல அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அந்த மாதவிலக்கோ இன்னும் வரவில்லை! இதே வில்காக்ஸ் குழு 2000-ல் சொன்னது: ஆறு நாளும் முழுமையாக 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையே விழுந்தது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான். "பாதுகாப்பான நாள்" பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது.

அந்த முதல் பாதியில் என்ன நடக்கிறது? உடலியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ். அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி. ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞையைக் கேட்டு, பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. அவை சினைப்பைக்குப் போய் ஃபாலிக்கிள்களை வளர்க்கின்றன. குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம்: "முட்டை 18 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு" என்பார் ஸ்கேன் எடுப்பவர். உண்மையில் வளர்ந்திருப்பது முட்டையைச் சுமக்கும் நீர்ப்பை. உள்ளே இருக்கும் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

வளரும் ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் மூளைக்குப் போய், "போதும், எல்.எச்.சைக் குறை" என்கிறது. குளிர்சாதனப் பெட்டி போதுமான அளவு குளிர்ந்ததும் தானே நின்றுகொள்வதைப் போல. உடலில் பெரும்பாலான ஹார்மோன்கள் இப்படித்தான் கட்டுப்படுகின்றன, இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அதிசயம் இனிமேல்தான். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 200 பைக்கோகிராமைத் தாண்டி, ஏறக்குறைய இரண்டு நாள் இறங்காமல் நின்றால், அதே ஹார்மோனின் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது. அதுவரை "குறை" என்றிருந்த சொல் "கொட்டு" என்றாகிறது. பிட்யூட்டரி சேர்த்து வைத்திருந்த எல்.எச். முழுவதையும் அவிழ்த்துவிடுகிறது. இதை எல்.எச். எழுச்சி என்போம். அளவு மட்டும் போதாது, நேரமும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தற்செயலாக ஒரு மணி நேரம் ஈஸ்ட்ரோஜன் எகிறினால் உடல் ஏமாறுவதில்லை.

இந்த முடிவை எடுப்பது யார்? மூளைதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். எர்ன்ஸ்ட் நோபில் என்ற ஆய்வாளர் ரீசஸ் குரங்குகளில் ஹைப்போதலாமஸில் சமிக்ஞை அனுப்பும் பகுதியைச் செயலிழக்கச் செய்துவிட்டு, அது அனுப்பும் சமிக்ஞையை மட்டும் மணிக்கு ஒருமுறை என்ற மாறாத வேகத்தில் குழாய் வழியாகச் செலுத்தினார். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத, இயந்திரத்தனமான சமிக்ஞை. குரங்குகளுக்கு எல்.எச். எழுச்சி வந்தது, முட்டையும் வெளிவந்தது! அப்படியென்றால் நாள் குறிப்பது மூளை இல்லை. ஃபாலிக்கிள் தான் பழுத்துவிட்டதைத் தானே ஈஸ்ட்ரோஜன் மூலம் அறிவிக்கிறது. மேலே இருப்பவர்கள் தாளம் போடுகிறார்கள், அவ்வளவுதான். முட்டை தயாராகாமல் கதவு திறக்காது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

எழுச்சி தொடங்கியதும் வேலைகள் மளமளவென்று நடக்கும். இந்தப் பெண் தன் தாயின் கருவில் இருந்தபோதே பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டை, இருபது முப்பது ஆண்டு கழித்து விட்ட இடத்திலிருந்து பிரிவதைத் தொடர்கிறது. ஃபாலிக்கிளின் சுவரை நொதிகள் அரிக்கின்றன. 34 முதல் 36 மணி நேரத்தில் சுவர் உடைகிறது. செயற்கைக் கருவூட்டல் மையங்களில் இரவு நேரம் குறித்துக்கொடுத்து "ட்ரிகர் ஊசி" போடச் சொல்கிறார்களே, அது இந்த எழுச்சியின் நகல். முட்டை எடுக்கும் நேரத்தை அதிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

முட்டை வெளியேறியதும் காலியான பை புரோஜெஸ்டரோனைச் சுரக்கத் தொடங்கும். புரோஜெஸ்டரோன் இருக்கும்வரை இன்னொரு எழுச்சி வராது. கர்ப்ப காலம் முழுக்க முட்டை வராமல் இருப்பதற்கும், கருத்தடை மாத்திரை வேலை செய்வதற்கும் காரணம் இதே பூட்டுதான்.

இப்போது அவசரக் கருத்தடை மாத்திரைக்கு வருவோம். அதில் இருப்பது 1.5 மில்லிகிராம் லீவோநார்ஜெஸ்ட்ரல், புரோஜெஸ்டரோனைப் போல நடிக்கும் மருந்து. எழுச்சி தொடங்குவதற்கு முன் அது போய்ச் சேர்ந்தால் எழுச்சி தள்ளிப்போகும். காத்திருக்கும் விந்தணுக்கள் ஐந்து நாளில் இறந்துவிடும். எழுச்சி தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 2011-ல் வெளியான சிலி நாட்டு ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. கர்ப்பம் தரிக்கக்கூடிய நாட்களில் உறவு கொண்டு இந்த மாத்திரையைப் போட்டவர்களில், முட்டை வருவதற்கு முன் போட்டவர்கள் 103 பேர். அவர்களிடம் எதிர்பார்த்த கர்ப்பங்கள் 16, உண்டானது பூஜ்யம். முட்டை வந்த அன்றோ பிறகோ போட்டவர்கள் 45 பேர். எதிர்பார்த்தது 8.7, உண்டானது 8. மாத்திரை போடாததற்குச் சமம்.

வாசகிக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மறுநாள் காலை என்பது சீக்கிரம்தான், ஆனால் எழுச்சி முந்தைய நாளே தொடங்கியிருந்தால்? சீக்கிரம் போடச் சொல்வது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும்: ஒவ்வொரு மணி நேரமும் எழுச்சிக்கு ஒரு மணி நேரம் நெருங்குகிறோம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் போன்றவை இந்த மருந்தைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும் என்பதும் ஒரு காரணமாகலாம். மாத்திரையைப் போட்டுவிட்டோமே என்று அதே மாதம் மறுபடி பாதுகாப்பில்லாமல் உறவு கொள்வதும் ஆபத்து. மாத்திரை முட்டையைத் தள்ளித்தான் வைத்திருக்கிறது, ரத்து செய்யவில்லை. இன்னொன்று: மாத்திரை பலிக்காமல் உண்டான கருவுக்கு அந்த மாத்திரையால் கேடு இல்லை. குழந்தையைப் பெற்றுக்கொள்வதா என்பது அவர் முடிவு. வேண்டாம் என்றால், கருத்தடை தோற்றதைக் கருக்கலைப்புச் சட்டமே காரணமாக ஏற்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும், திருமணமாகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை.

இதைக் "கருக்கலைப்பு மாத்திரை" என்று சொல்லித் தர மறுக்கும் மருந்துக்கடைகள் தமிழ்நாட்டில் நிறைய. முட்டையே வெளிவராத இடத்தில் கரு எங்கிருந்து வந்தது? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில், இந்த மாத்திரை கரு ஒட்டுவதைத் தடுப்பதில்லை என்று பெட்டிக் குறிப்பையே திருத்தியது. நம் ஊரில் பப்பாளியையும் எள்ளையும் "கலைத்துவிடும்" என்று நம்பித் தின்றுவிட்டு நாலு வாரம் வீணாக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பப்பாளிப் பழம் கருத்தடை ஆகாது. கடைக்காரரின் முகச்சுளிப்பும் அந்த நாலு வாரத்துக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, எதைத்தான் நம்புவது? அமெரிக்கக் கணக்குகளில், எந்தத் தடுப்பும் இல்லாத 100 பெண்களில் ஓராண்டில் சுமார் 85 பேர் கருவுறுகிறார்கள். கடைசி நேரத்தில் விலகிக்கொள்ளும் முறையில் 20, ஆணுறையில் 13, தினசரி மாத்திரையில் 7. இவை மனிதர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் விதத்தில் வந்த எண்கள். ஒருநாளும் தவறாமல் விழுங்கினால் மாத்திரை 0.3, ஒவ்வொரு முறையும் சரியாக அணிந்தால் ஆணுறை 2. இரண்டுக்கும் இடையிலான தூரம் மருந்தின் குறை இல்லை. பயணம், காய்ச்சல், மறதி, "இன்னிக்கு ஒருநாள்தானே". மேலும், ஆண்டுக்கு 7 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். அதே வேகத்தில் பத்தாண்டு போனால் பாதிப் பேருக்கு ஒருமுறையாவது தவறும்.

கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டிக்கு நிஜமான எண் 0.8, சரியாகப் பயன்படுத்தினால் 0.6. இடைவெளியே இல்லை, ஏனென்றால் மறப்பதற்கு எதுவும் இல்லை. இதில் உள்ள செம்பு சிலியில் பிறந்த யோசனை. முயலுக்குக் கருப்பை இரண்டு கிளையாக இருக்கும். 1960களின் இறுதியில் ஹைமே சிப்பெர் என்ற மருத்துவர் ஒரு கிளையில் செம்புக் கம்பியை வைத்து, மறு கிளையைச் சும்மா விட்டார். செம்பு இருந்த பக்கத்தில் கரு ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. ஒரே விலங்குக்குள் சோதனையும் ஒப்பீடும்! பெண்களில் செம்பு அயனிகள் முக்கியமாக விந்தணுவையே முடக்கிவிடுகின்றன என்பது பின்னர் தெரிந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் போடும் 380ஏ வகை பத்தாண்டு உழைக்கும், செலவில்லை. உறவு நடந்த ஐந்து நாளுக்குள் போட்டால் அவசரக் கருத்தடையாகவும் 99 சதவீதத்துக்கு மேல் பலிக்கும், எல்.எச். எழுச்சி வந்ததா வரவில்லையா என்ற கவலை அதற்கு இல்லை. முதல் சில மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம், ரத்தசோகை உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். எப்போதாவது தானே வெளியே வந்துவிடுவதும் உண்டு. "நெஞ்சுக்கு ஏறிவிடும்" என்பது கட்டுக்கதை.

வேறு வழிகளும் அரசு மருத்துவமனையில் இலவசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'அந்தரா' ஊசி. 'சாயா' மாத்திரை: லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் இல்லாதது, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஈஸ்ட்ரோஜன் கலந்த தினசரி மாத்திரை ரத்த அழுத்தம், ரத்தக்கட்டு, கண்முன் ஒளி தெரியும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் பிரசவமாகி ஆறு மாதம் வரை பால் கொடுக்கும் தாய்மாருக்கும் ஆகாது. பக்கத்து வீட்டு அக்கா போடுகிறார் என்று வாங்கக் கூடாத மருந்து அது. எந்த முறையோடும் ஆணுறையையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த முறைகளில் பால்வினை நோயைத் தடுப்பது அது ஒன்றுதான்.

இவ்வளவு பட்டியலிலும் ஆணுறையையும் விலகிக்கொள்ளும் முறையையும் விட்டால் எல்லாம் பெண்ணின் உடலில். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியத் தம்பதிகளில் பெண் கருத்தடை ஆபரேஷன் 37.9 சதவீதம், ஆண் ஆபரேஷன் 0.3. ஆணுக்கான ஊசி ஒன்றை ஐ.ஐ.டி. காரக்பூரின் சுஜய் குஹா 1970களிலேயே யோசித்தார்: விந்துக் குழாய்க்குள் ஒரு பாலிமர், கடந்துபோகும் விந்தணுக்களை அது செயலிழக்கச் செய்யும். 303 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் 99 சதவீதம் பலித்ததாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் வெளியானது. யோசனைக்கும் அந்த ஆய்வுக் கட்டுரைக்கும் இடையே நாற்பது ஆண்டுக்கு மேல். ஒருமுறை போட்டால் பல்லாண்டு நிற்கும் மலிவான ஊசியில் எந்த மருந்துக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. அப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் தரத்தான் அரசு இருக்கிறது. அது சொட்டுச் சொட்டாகத் தந்தது.

ஊசி கடைக்கு வரும்வரை ஆணுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: தழும்பில்லாத வாசக்டமி, அதாவது ஆண் கருத்தடை ஆபரேஷன். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம். தோல்வி ஆயிரத்தில் ஒன்றிரண்டு. ஆண்மை போகாது, ஹார்மோன் குறையாது, விந்து வெளிவருவதும் அப்படியேதான் இருக்கும். பிறகு மனம் மாறினால் திருப்புவது நிச்சயமில்லை என்பதை மட்டும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் தீரச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதன்பின் விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வரும்வரை ஆணுறை போட்டே ஆக வேண்டும்.