பச்சைப் பாசித் தொட்டிக்கு மானியம் கிடைக்குமா? அலங்கார மீன் வளர்ப்புத் திட்டம், ஒரு விளக்கம்

அலங்கார மீன் குஞ்சுகளின் தீனிக்காக வீட்டிலேயே பச்சைப் பாசி வளர்ப்பவர்கள் கூடிவருகிறார்கள். அவர்களில் பலர் கேட்கும் கேள்வி, இதற்கு அரசு உதவி உண்டா என்பது. பாசிக்கென்று தனி மானியம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாசியை உண்டு வாழும் டாஃப்னியா, மொய்னா போன்ற மிகச் சிறிய நீர்வாழ் உயிரிகளான உயிர் உணவும், அவற்றை உண்டு வளரும் மீனும் சேர்ந்த ஒரு வளர்ப்பு அலகை வீட்டுக் கொல்லையில் அமைத்தால், அந்த அலகுக்கு 40 அல்லது 60 விழுக்காடு மானியம் பெற வழியிருக்கிறது. பாசித் தொட்டி அந்த அலகின் ஓர் உறுப்பாகத் திட்ட அறிக்கைக்குள் வர வேண்டும்.

பாசி வளர்ப்பு மானியம் என்று தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கடற்பாசித் திட்டம். அது ராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களில் மிதவைகளிலும் கயிறுகளிலும் வளர்க்கும் பெரிய பாசிக்கானது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை, பொடி தயாரிக்கும் தொழில் இன்னொரு வகை. மீன் தொட்டிக்காரருக்கு இவை இரண்டாலும் பயனில்லை. கடற்பாசிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

நமக்கு உரியது பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டம். மத்ஸ்ய சம்பதா யோஜனா என்ற பெயரிலும் அறிவிப்புகளில் வரும். 2020 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. மொத்த மதிப்பு 20,050 கோடி ரூபாய். முதலில் 2024-25 வரை என்று இருந்தது, பிறகு 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. எத்தனை அலகுகளுக்கு மானியம் என்ற இலக்கு ஆண்டுதோறும் மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் உங்கள் மாவட்டத்துக்கு அலங்கார மீன் இலக்கு இருக்கிறதா என்பதை மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாத ஆண்டில் எவ்வளவு நல்ல அறிக்கை கொடுத்தாலும் கோப்பில்தான் இருக்கும்.

அலங்கார மீனுக்கு இத்திட்டத்தில் பல படிகள் உண்டு. கொல்லைப்புற வளர்ப்பு அலகின் மதிப்பு 3 லட்சம் ரூபாய். நடுத்தர அலகுக்கு 8 லட்சம். இனப்பெருக்கமும் வளர்ப்பும் சேர்ந்த ஒருங்கிணைந்த அலகு நன்னீர் மீனுக்கு 25 லட்சம், கடல் மீனுக்கு 30 லட்சம். வீட்டில் பாசி வளர்க்கும் நிலையில் இருப்பவருக்கு முதல் படியே போதும் என்பது என் கருத்து. 8 லட்சத்துக்குத் தாவுவோர் மீனை விற்க இடம் பார்த்துவிட்டுத் தாவட்டும்.

மானிய விகிதம் எளிது. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு 60 விழுக்காடு. 3 லட்சம் ரூபாய் அலகென்றால் பொதுப் பிரிவினருக்கு 1.20 லட்சம் மானியம், 1.80 லட்சம் கைப்பணம். ஒரு பெண் விண்ணப்பித்தால் இது தலைகீழாகும்: 1.80 லட்சம் மானியம், 1.20 லட்சம் கைப்பணம். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மானியத் தொகையில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற கணக்கில் பங்கு போடுகின்றன. அந்தப் பங்கீட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பணம் தாமதமாகும்போது, ஒரு பங்கு வந்து இன்னொரு பங்கு வராமல் நிற்கிறது என்று அலுவலகத்தில் சொன்னால் அதன் பொருள் புரிய இது உதவும்.

3 லட்சம் என்பது உச்சவரம்பு. உண்மையில் 2.20 லட்சத்துக்குள் அலகை முடித்தால், பொதுப் பிரிவினருக்கான மானியம் அதில் 40 விழுக்காடாகிய 88,000 ரூபாய்தான். 4 லட்சம் செலவழித்தாலும் கணக்கு 3 லட்சத்தில் நின்றுவிடும். நிலத்தின் விலை இதில் சேராது. வீட்டில் மகளிர் பெயரில் பட்டாவோ குத்தகைப் பத்திரமோ இருந்து, அவரே அலகை நடத்துகிறார் என்றால் விண்ணப்பமும் அவர் பெயரிலேயே இருப்பது முறை. கூடுதல் மானியத்துக்காக மட்டும் மனைவி பெயரில் எழுதிவிட்டு, ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் கணவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பது பார்க்க நன்றாக இராது.

இனி பாசிக்கு வருவோம். திட்ட அறிக்கையில் இதை எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

மீன் பண்ணைக்காரர்கள் பச்சைத் தண்ணீர் என்று சொல்வது, குளோரெல்லா போன்ற ஒற்றைச் செல் பாசிகள் மிதக்கும் நீர். தொட்டிச் சுவரில் வழுக்கலாகவோ நூல் நூலாகவோ படரும் பாசி வேறு, அது இதற்கு ஆகாது. குளோரெல்லாவின் ஒரு செல் சில மைக்ரான் அளவே இருக்கும். இவ்வளவு சிறிய துகளை வடிகட்டி உண்ணக்கூடியவை டாஃப்னியா, மொய்னா, அவற்றைவிடச் சிறிய ரோட்டிஃபர் ஆகியவை. மீன் குஞ்சுக்கு இவைதான் நேரடித் தீனி. கப்பி, மாலி போன்ற குட்டி போடும் மீன்களின் குஞ்சு பிறந்த அன்றே பொடித்த தீவனத்தைக் கொத்தும். கவுராமி, ஃபைட்டர் போன்றவற்றின் குஞ்சுக்கு வாய் மிகச் சிறியது. முதல் சில நாட்களில் நுண்ணுயிர் உணவு கிடைக்காவிட்டால் பெரும்பகுதி குஞ்சுகள் செத்துவிடும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டை டப்பா வாங்கிப் பொரிக்கவைப்பது செலவு பிடிக்கும் வேலை. அதோடு அன்று பொரித்த ஆர்ட்டீமியாகூட இந்தக் குஞ்சுகளின் வாய்க்கு முதல் நாட்களில் பெரும்பாலும் பெரிது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பாசித் தொட்டியின் வேலை. அறிக்கையில் இந்தக் காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிட்டால், மீன் அலகுக்குள் மீனே இல்லாத தொட்டி எதற்கு என்ற கேள்வி எழாது.

தொட்டிகளின் பட்டியலில் மீன் தொட்டிகளுக்குக் கீழே உயிர் உணவுத் தொட்டிகள் என்று தனித் தலைப்பிட்டு, பாசிக்கு எத்தனை, டாஃப்னியாவுக்கு எத்தனை, ஒவ்வொன்றின் கொள்ளளவு எவ்வளவு என்று காட்டுங்கள். பாசித் தொட்டி ஆழமாக இருக்கக் கூடாது, அடிவரை வெளிச்சம் போக வேண்டும். காற்றுக் குழாய் இடைவிடாமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் செல்கள் அடியில் படிந்து அழுகும். நண்பகல் வெயில் நேரே விழுந்தால் சிறிய தொட்டி நீர் சூடேறிப் பாசி செத்துவிடும், ஆகவே நிழல்வலை வேண்டும். ஆக, காற்றுப் பம்பும் நிழல்வலையும் மதிப்பீட்டில் ஏறும் நியாயமான செலவுகள். விலைப்புள்ளி வாங்கும்போதே இவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எதை மானியக் கணக்கில் ஏற்பது என்பதை முடிவு செய்வது அலுவலகம்தான். அறிக்கையை இறுதி செய்வதற்கு முன் வரைவை எடுத்துக்கொண்டு ஒரு முறை நேரில் போய்க் கேட்டுவிடுவது பின்னால் வரும் பல கடிதங்களை மிச்சமாக்கும்.

உரம், வளர்ப்பைத் தொடங்க வாங்கும் தொடக்கப் பாசி, நீரைச் சோதிக்கும் தாள் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். கட்டுமானச் செலவோடு கலந்துவிட்டால் மதிப்பீடு முழுவதுமே திரும்பி வரலாம்.

ஆய்வு நாளன்று பாசித் தொட்டி உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல பாசி நீர் சீரான அடர்பச்சையாக இருக்கும், அசைத்தால் கட்டி தெரியாது. மேலே நீர் தெளிந்து கீழே மஞ்சளும் பழுப்புமாகப் படிந்திருந்தால், ஓரத்தில் நுரை நின்று வாடை வந்தால், அந்தத் தொட்டி சரிந்துவிட்டது. பாசி வளர்ப்பில் இது யாருக்கும் நேரக்கூடியது. ரோட்டிஃபரோ டாஃப்னியாவோ தவறி உள்ளே புகுந்தால், பச்சை நிறம் ஓரிரு நாளில் காணாமல் போகும். அதனால்தான் மூடிய பாட்டில் ஒன்றில் தூய தொடக்கப் பாசியை வீட்டுக்குள் தனியே வைத்திருப்பார்கள். டாஃப்னியா தொட்டியில் போட்ட வலையைப் பாசித் தொட்டியில் போடவே கூடாது. பாசியை எடுக்கும்போதும் தொட்டியைக் காலி செய்யாமல், மூன்றில் ஒரு பங்கை எடுத்து, குளோரின் நீக்கிய நீரும் உரமும் சேர்த்து நிரப்பிவிட்டால் சில நாட்களில் மீண்டும் அடர்ந்துவிடும்.

விண்ணப்பத்துக்கு வழக்கமாகக் கேட்கப்படுபவை: ஆதார், குடும்ப அட்டை, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், இடத்துக்கான பட்டா அல்லது பதிவு செய்த குத்தகைப் பத்திரம், 60 விழுக்காடு கோரும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சாதிச் சான்று, விலைப்புள்ளிகளுடன் திட்ட அறிக்கை. வாடகை வீட்டு மொட்டை மாடியில் 11 மாத ஒப்பந்தத்தில் அலகு போடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் நிற்பார்கள். அலகு பல ஆண்டு ஓட வேண்டும் என்பதால் நீண்டகாலக் குத்தகையே ஏற்கப்படும். மீன் வளர்ப்புப் பயிற்சிச் சான்று இருந்தால் விண்ணப்பத்துக்கு வலு சேரும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நிலையங்களிலும், வேளாண் அறிவியல் நிலையங்களிலும் அலங்கார மீன் பயிற்சி நடத்தப்படுகிறது. பயிற்சிக்குப் போகிறவர்கள் உயிர் உணவு வகுப்பு இருக்கிறதா என்று கேட்டுச் சேருங்கள். தொடக்கப் பாசி எங்கே தூயதாகக் கிடைக்கும் என்ற விவரமும் அங்கேயே தெரிந்துவிடும்.

இவற்றோடு தேசிய மீன்வள மின்னணுத் தளத்தில் பதிவும் இப்போது அவசியமாகிவிட்டது. 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்ட இத்தளத்தில் மீன் வளர்ப்போர், மீனவர், விற்பனையாளர் அனைவரும் பதிந்து அடையாள எண் பெறலாம். சொந்தமாகச் செய்ய முடியாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் செய்துகொள்ளலாம்.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும். தகுதியான விண்ணப்பங்கள் இலக்கைவிட அதிகமாக இருந்தால் மூப்பு நிலை, அதாவது விண்ணப்பம் வந்த வரிசை, பார்ப்பது வழக்கம். அறிவிப்பு வந்த வாரமே கொடுப்பவருக்கும் கடைசி நாள் மாலை கொடுப்பவருக்கும் இதனால்தான் வேறுபாடு. அறிவிப்பு பெரும்பாலும் ஆட்சியரின் செய்திக் குறிப்பாக நாளிதழில் ஓர் ஓரத்தில் வந்துபோகும்.

தேர்வானதும் ஆணை வரும்வரை கடப்பாரையைத் தொடாதீர்கள். முன்பே கட்டி முடித்த தொட்டிக்கு மானியம் கேட்டால் மறுப்பார்கள். ஆணை வந்த பிறகும் பணம் உடனே வராது. இது பின்னேற்பு மானியம்: நீங்கள் செலவழிக்க வேண்டும், ரசீது வைக்க வேண்டும், அலுவலர் வந்து பார்த்துப் படமெடுக்க வேண்டும், பிறகுதான் தொகை வங்கிக் கணக்குக்கு வரும். விளம்பரங்களில் 1.80 லட்சம் இலவசம் என்ற தொனியில் எழுதுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுவே. 3 லட்சத்தையும் முதலில் புரட்டக்கூடியவருக்குத்தான் இத்திட்டம் எளிது. மற்றவர்கள் வங்கிக் கடன் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ரசீதில்லாமல் வாங்கிய பழைய ஃபைபர் தொட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் கணக்கில் ஏறாது.

அலகு ஓடத் தொடங்கிய பிறகு மாதாமாதம் வரும் செலவுக்கு இன்னொரு வழி இருக்கிறது. விவசாயக் கடன் அட்டை வசதி 2018-19 நிதிநிலை அறிக்கையின் மூலம் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. குஞ்சு, தீவனம், இயற்கை உரம், ரசாயன உரம், மின்சாரம், கூலி ஆகியவை நடைமுறை மூலதனத்தில் அடங்கும். ஆகவே பாசித் தொட்டிக்கான உரமும் காற்றுப் பம்புக்கான மின்கட்டணமும் இதற்குள் வந்துவிடுகின்றன. 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய நாளில் திருப்பிக் கட்டினால் 3 விழுக்காடு சலுகை போக 4 விழுக்காடுதான். குளமோ தொட்டியோ வளர்ப்பு அலகோ சொந்தமாகவோ குத்தகையிலோ இருப்பதற்கான சான்றை வங்கி கேட்கும். மானிய ஆணையின் நகல் அங்கே கைகொடுக்கும்.

கடைசியாக, மீன்வளத் துறை சொல்லாத, ஆனால் உள்ளாட்சி ஊழியர் வந்து சொல்லக்கூடிய ஒன்று. திறந்த தொட்டியில் தேங்கிய நீரில் கொசுப்புழு இருந்தால் அபராதம் விதிக்க இடமுண்டு. கொசு உற்பத்தியைத் தடுக்கும் பொறுப்பை இடத்தில் குடியிருப்பவர் மீது வைக்கும் விதிகள் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கின்றன. மீன் தொட்டியில் புழு தங்காது, மீனே தின்றுவிடும். மீன் இல்லாத பாசித் தொட்டியும் டாஃப்னியா தொட்டியும்தான் மாட்டும். புழு பாசியையும் தின்று தீர்த்துவிடும் என்பது இரட்டை நட்டம். எனவே மதிப்பீட்டில் நிழல்வலைக்கு அடுத்த வரியிலேயே கொசுவலையையும் எழுதிவிடுங்கள். வலையின் ஓரம் தொட்டி விளிம்போடு இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும், காற்றுக் குழாய் நுழையும் ஓட்டையும் அடைபட்டிருக்க வேண்டும்.