அரைவயிற்றோடு ஓடும் கார் பேட்டரி

“தம்பி, போன ஆடியிலதான் புதுசு போட்டேன். அதுக்குள்ள செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. நல்ல கம்பெனி பேட்டரியே இப்படின்னா என்ன செய்ய?”

மதுரையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என்னிடம் மாதத்துக்கு நாலைந்து பேராவது இப்படி வந்து நிற்கிறார்கள். இவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரனைப் பள்ளியில் விடவும் கூட்டி வரவும்தான் காரை எடுப்பார். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு கிலோமீட்டர். மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 12.1 வோல்ட். முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6-க்குக் குறையக்கூடாது. 12.1 என்றால் பாதிகூட இல்லை.

“சார், ஸ்கூல் வாசல்ல காத்திருக்கும்போது என்ன பண்ணுவீங்க?”

“இன்ஜினை அணைச்சிடுவேன். பெட்ரோல் எதுக்கு வீணா? ஃபேனும் பாட்டும் மட்டும் ஓடும்.”

விஷயம் அங்கேதான் இருந்தது. அடிக்கடி ஸ்டார்ட் பண்ணுவதால்தான் பேட்டரி போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன பெட்ரோல் காரில் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டே வினாடிதான். ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் அது ஒரு ஆம்பியர்-மணி. கணக்குப் போட்டால் ஒரு ஸ்டார்ட்டுக்கு 0.1 ஆம்பியர்-மணிகூட ஆகாது. சாவியை ஆனில் வைத்து, ஃபேனும் பாட்டுமாக 10 ஆம்பியர் வீதம் 20 நிமிடம் உட்கார்ந்திருந்தால் 3 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். ஏறத்தாழ நாற்பது முறை ஸ்டார்ட் பண்ணுவதற்குச் சமம். அவர் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. வீடு திரும்பும் எட்டு நிமிடத்தில், ஏசியும் ரேடியேட்டர் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும்போது, எடுத்ததை ஆல்டர்னேட்டரால் (இன்ஜின் சுழற்சியில் கரண்ட் தயாரித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) திருப்பிக் கொடுக்க முடியாது.

இந்த லெட்-ஆசிட் (ஈயமும் அமிலமும் உள்ள) பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு. கீழ்ப்பாதி வேகமாக நிறையும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏற மணிக்கணக்காகும். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அந்தக் கடைசிப் பங்கு ஒருநாளும் நிறைவதில்லை. அப்படி வாரக்கணக்கில் அரைவயிற்றோடு கிடந்தால், உள்ளே இருக்கும் ஈயத் தகட்டில் படியும் லெட் சல்பேட் என்ற உப்பு மெல்ல மெல்லக் கெட்டியாகிவிடும். கெட்டியான பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. நம்மூர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே தகடு அரிக்கப்படும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பானெட்டுக்குள் சித்திரை வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள்.

“தினமும் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுறேனே” என்பார்கள் சிலர். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவு கரண்ட்டைக் கொடுப்பதில்லை. இன்ஜின் ஆயிலும் சரியாகச் சூடாகாததால் அதில் ஈரம் தங்கும். வாரம் ஒருமுறை நாற்பது நிமிடமாவது நிற்காமல் ஓட்டுவது அதைவிடப் பல மடங்கு நல்லது. மதுரைக்காரர்களிடம் ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் போய்வரச் சொல்வேன். போக இருபது கிலோமீட்டர், வர இருபது கிலோமீட்டர். ரோடு காலியாக இருக்கும் அதிகாலையில் போனால் பேட்டரிக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

ஆனால் பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரி ஒரு ஓட்டத்தில் நிறையாது. அதற்கு ஆட்டோமேட்டிக் சார்ஜர்தான் வழி. 3 அல்லது 4 ஆம்பியர் சார்ஜரை இரவு மாட்டினால் காலையில் நிறைந்திருக்கும். நிறைந்ததும் தானே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் தீக்குச்சி உரசக்கூடாது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கேன் தண்ணீர் ஊற்றிக் கெடுத்த பேட்டரிகளை நிறையவே பார்த்துவிட்டேன்.

டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர் எல்லாவற்றையும் நிறுத்திய வண்டியிலும் ஓடும்படி இணைத்திருந்தால் ஒருமுறை சரிபாருங்கள். வெறும் 50 மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. வெளியூர் போய் இருபது நாள் கழித்து வந்தால் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு காலியாகியிருக்கும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வீட்டில் இருக்கட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பாருங்கள். 12.4-க்குக் கீழே என்றால் அன்று இரவே சார்ஜர் மாட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8-இலிருந்து 14.5 வரை காட்டும். 13-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் பேட்டரியை மாற்றும் முன் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள். அதற்கென்று உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள்.

ஆசிரியரின் பேட்டரி முழுக்கக் கெட்டுப்போயிருக்கவில்லை. கடையிலேயே இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்துப் பார்த்தேன், 12.6-இல் நின்றது. அதிகக் கரண்ட் இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டிலும் தேறியது. புது பேட்டரி விலையைக் கேட்டுத் தயங்கி நின்றவரிடம், “இதே ஓடும் சார், பாட்டை மட்டும் போன்ல கேளுங்க” என்று சொல்லி மாட்டிக் கொடுத்தேன்.