வெளிநாட்டில் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையா? ஊர் திரும்புமுன் கேட்டு வாங்க வேண்டிய தாள்

வெளிநாட்டில் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களைப் பார்க்கப் போகும்போது, இயன்முறை மருத்துவரான நான் முதலில் கேட்பது ஃபைலைத்தான். பில்கள் ஒன்றுவிடாமல் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு பக்கம் இருக்கும், சில நேரம் அந்த நாட்டு மொழியிலேயே. அறுவை சிகிச்சைக் குறிப்பு மட்டும் பெரும்பாலும் இருக்காது.

அது இல்லாவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மேலே தெரியும் தழும்பை வைத்து உள்ளே நடந்ததை ஊகிக்க முடியாது. நரம்பை அழுத்திய டிஸ்க் துண்டை மட்டும் எடுத்திருந்தால் சில வாரங்களில் பயிற்சியைக் கூட்டலாம். ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைத்திருந்தால், அவை ஒட்டி உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். புகைபிடிப்பவருக்கு ஒட்டாமலே போகவும் கூடும். முதுகுத்தண்டில் எந்த இடத்தில் செய்தார்கள், தண்டுவட உறை கிழிந்து தைக்க நேர்ந்ததா, பெல்ட் எத்தனை நாள், குனிய எப்போது அனுமதி என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். பொருத்திய கருவியின் நிறுவனம், மாடல், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட ஸ்டிக்கரையும் கேளுங்கள். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கவோ மறுபடி அறுவை சிகிச்சை செய்யவோ நேர்ந்தால் அது தேவைப்படும். மாத்திரைகளுக்கு வணிகப் பெயர் போதாது, மருந்தின் மூலப்பெயரும் (ஜெனரிக் பெயர்) வேண்டும்.

புறப்படுவதற்கு முன்பே உள்ளூரில் ஒரு மருத்துவரிடம் பேசி வைப்பது நல்லது. இன்னொருவர் செய்த அறுவை சிகிச்சையில் தலையிடச் சிலர் தயங்குவார்கள். குறிப்பே இல்லாமல் போய் நின்றால் அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

வீட்டில் முதல் சோதனை கட்டிலிலிருந்து எழுவது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழாதீர்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். குடும்பத்தார் பாசத்தில் கைகளைப் பிடித்து இழுத்துத் தூக்குவார்கள். அதைத் தடுப்பதே எனக்குப் பாதி வேலை. நடை நல்லது, நாள்தோறும் சிறிது கூட்டலாம். நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதுதான் கூடாது. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலைத் தரும். முக்க வேண்டி வருமுன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

காலில் பழைய மரமரப்பு தொடர்ந்தால் பதற வேண்டாம். பாதிக்கப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் மீண்டும் வளரும். ஆனால், சிறுநீர் கழிக்க முடியாமலோ கட்டுப்பாடின்றியோ போனால், தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு குன்றினால், கால் புதிதாகத் தளர்ந்தால் அது அவசரம். காய்ச்சலோடு காயத்தில் சீழ், நீர் போன்ற கசிவு, எழுந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. நீண்ட விமானப் பயணமும் சேர்ந்துகொள்வதால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ அதுவும் அவசரமே.

இந்த நேரத்தில் அறுவை சிகிச்சை செய்தவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு, அந்த நாட்டில் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியதையும் மறக்காமல் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனையையும் ஆன்டிபயாடிக்கையும் அதற்கேற்ப முடிவு செய்வார்கள்.