மூட்டு வீங்கினால் உயரம் ஏன் நிற்கிறது?

அர்ஜென்டினாவைச் சேர்ந்த 16 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி 2003-ல் ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வயதுக்கேற்ற உயரத்துக்கு வெகுவாகக் குறைந்திருந்தார். ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோனுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது சொல்வதை உடல் கேட்கவில்லை. இது மட்டும் என்றால் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. லாரான் நோய்க்குறியிலும் இப்படித்தான் நடக்கும். அதில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஏற்பி பழுதாகியிருக்கும். இந்தப் பெண்ணுக்கோ ஏற்பி நன்றாகவே இருந்தது. அதோடு, சாதாரண லாரான் நோயாளிகளிடம் காணாத இன்னொரு சிக்கலும் இருந்தது: கடுமையான நுரையீரல் நோய், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும் தொற்று.

குட்டையாக இருப்பதற்கும் எதிர்ப்புச் சக்தி கெடுவதற்கும் என்ன சம்பந்தம்? பதில் ஸ்டாட்5பி என்ற ஒரே ஒரு புரதத்தில் இருந்தது.

வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இதை விட்டுவிட்டுச் சுரக்கிறது, ஆழ்ந்த தூக்கத்தில் கொஞ்சம் தாராளமாக. கல்லீரல் செல்லின் மேலுள்ள ஏற்பியில் இது உட்கார்ந்ததும், உள்ளே ஜாக்2 என்ற நொதி விழித்துக்கொண்டு ஸ்டாட்5பி-யைத் தட்டி எழுப்பும். அது உட்கருவுக்குள் போய் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவை முடுக்கும். எலும்பு வளர்வதில் பெரும்பங்கு இந்த ஐஜிஎஃப்-1-க்குத்தான்.

இப்போது ரத்த வெள்ளணுக்களின் பக்கம் வருவோம். அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சைட்டோகைன்கள் என்ற புரதங்களைப் பயன்படுத்துகின்றன. இவற்றில் பலவற்றின் ஏற்பிகளும் வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியும் ஒரே குடும்பம். இன்டர்லூகின்-2 என்ற சைட்டோகைனும் தன் செய்தியை ஸ்டாட்5பி-யும் அடங்கிய ஸ்டாட்5 புரதங்கள் வழியாகவே அனுப்புகிறது. எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிப் போகாமல் பிடித்து வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்கு அந்தச் செய்தி கட்டாயம் வேண்டும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு தெருவுக்குக் கரண்ட் போவதுபோல. அது எரிந்தால் இரண்டு தெருவும் இருட்டு. அர்ஜென்டினாப் பெண்ணுக்கு நடந்தது அதுதான். இதே குறையுள்ள நோயாளிகளிடம் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குறைந்திருப்பதும் பிறகு தெரியவந்தது.

சரி, அப்படியானால் வளர்ச்சி ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் எதிர்ப்புச் சக்தி கூடுமா? அப்படி நினைக்க ஆதாரமும் இருந்தது. பிட்யூட்டரியை அகற்றிய எலிகளுக்குத் தைமஸ் சுருங்குவதை பிலிப் ஸ்மித் 1930-லேயே பதிவு செய்தார். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தைமஸில்தான் டி செல்கள் பயிற்சி பெறுகின்றன. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தபோது தைமஸ் பருத்து, புதிய டி செல்கள் கூடியதாக 2008-ல் ஒரு ஆய்வு காட்டியது.

ஆனால் எதிர்ப்பக்கத்துச் சாட்சியங்களும் வலுவானவை. வளர்ச்சி ஹார்மோன் குறைவாக உள்ள குழந்தைகள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே சளி, காய்ச்சலைச் சமாளித்துவிடுகிறார்கள். இந்த ஹார்மோனின் ஏற்பியே இல்லாத எலிகள் நீண்ட நாள் வாழ்கின்றன. வயதான பிறகும் அவற்றின் உடலில் அழற்சி (எதிர்ப்பு மண்டலம் கிளப்பிவிடும் வீக்கமும் சூடும்) குறைவு. ஆகவே இதை எதிர்ப்புச் சக்தி டானிக்காக விற்பவர்களை நான் நம்புவதில்லை.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது எதிர்த்திசையில் நடப்பது. நீண்டநாள் மூட்டு அழற்சி உள்ள குழந்தைகளும், குடலில் நீண்டநாள் அழற்சியான குரோன் நோய் உள்ள குழந்தைகளும் சரியாக வளர்வதில்லை. சாப்பாடு இறங்காதது, மருந்தாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு என்று காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அது மட்டுமல்ல. அழற்சியின்போது பெருகும் இன்டர்லூகின்-6 பிறவியிலேயே அதிகமாகச் சுரக்கும்படி எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு எதுவும் தராமலே அவை குள்ளமாகின, ஐஜிஎஃப்-1 சரிந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அழற்சிச் செய்தி வந்ததும் செல் சாக்ஸ்-3 என்ற தடைப் புரதத்தைத் தயாரிக்கும் (காலில் போடுவதல்ல, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்). அழற்சி தலைக்கேறாமல் அடக்குவதுதான் அதன் வேலை. ஆனால் அது வளர்ச்சி ஹார்மோனின் பாதையையும் சேர்த்தே அடைத்துவிடும். ஹார்மோன் வந்து கதவைத் தட்டினாலும் கல்லீரல் ஐஜிஎஃப்-1 தருவதில்லை. சண்டை நடக்கும்போது வளர்ச்சிக்குச் செலவு செய்யாமல் உடல் கையைச் சுருக்கிக்கொள்கிறது என்று பார்த்தால், சில நாள் காய்ச்சலுக்கு இது நல்ல ஏற்பாடுதான். வருடக்கணக்கில் நீடித்தால் பிள்ளையின் உயரம் போகும். இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து கொடுத்த குழந்தைகளில் மூட்டு வீக்கம் தணிந்ததோடு ஐஜிஎஃப்-1 ஏறி, விட்ட உயரத்தையும் ஓரளவு எட்டிப் பிடித்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் போடாமலேயே.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிகளின் உடலிலும் இதே மாதிரி ஹார்மோன் பேச்சு எடுபடாத நிலை உண்டு. தசை வேகமாகக் கரையும். அதைத் தடுக்க ஐரோப்பிய மருத்துவர்கள் 532 நோயாளிகளிடம் இரண்டு சோதனைகளாக அதிக அளவு வளர்ச்சி ஹார்மோனைச் சோதித்து, முடிவை 1999-ல் வெளியிட்டார்கள். பின்லாந்தில் நடந்த சோதனையில் ஹார்மோன் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள். வெற்று ஊசி பெற்றவர்களில் 20 சதவீதம். பல நாடுகளில் நடந்த மற்றதில் ஹார்மோன் பெற்றவர்களில் 44 சதவீதம், வெற்று ஊசி பெற்றவர்களில் 18 சதவீதம். இறப்புகளில் பெரும்பாலானவை பல உறுப்புகள் செயலிழந்தும் கட்டுக்கடங்காத தொற்றாலும் நேர்ந்தவை. கடுமையாக நோயுற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இப்போது இந்த மருந்தின் குறிப்புத் தாளிலேயே அச்சாகி வருகிறது.